நனைவதற்கு ஒரு உடுப்பு

அறுநூற்று நாற்பது ரூபாய்.

கொடியில் தொங்கும் பச்சை மழைக்கோட்டுக்கு அவள் கொடுக்க வேண்டிய கடன். வருகிற சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

வாசலில் நின்று மலையைப் பார்த்தாள்.

மலையைக் காணோம். மேகம் தின்றுவிட்டது.

முற்றத்தில் வெயில்.

சாரல் காலம் அப்படித்தான். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது குளுமை. செங்கோட்டை ரோட்டில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவளுக்கு அது வம்பு. புறப்படும்போது காயும். பாலம் ஏறும்போது பிடித்துக்கொள்ளும். மில் வாசலில் வெயில் மறுபடி பல்லைக் காட்டும்.

மரம் அறுக்கிற மில் அது. ஈரத்துணியோடு வந்தவளை ரம்பத்துப் பக்கம் விடமாட்டார்கள். காயும்வரை வெளியே நிற்க வேண்டும். நின்றால் அரைச் சம்பளம். கரண்டு அடித்துவிடும் என்பார் மேஸ்திரி குருவையா.

அது நிஜந்தான்.

அந்த நிஜத்தை வைத்துத்தான் அவர் கோட்டு விற்றார். பெண்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொன்று. அவள் முறை வந்தபோது கட்டு தீர்ந்துவிட்டது. குருவையா சளைக்கவில்லை. பைக் பெட்டியைத் திறந்து, தான் இதுவரை போட்டுவந்த கோட்டை எடுத்து நீட்டினார்.

கோட்டு பழசு. விலை புதுசு.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அரைச் சம்பளம் வந்து வாயை அடைத்தது.

குருவையா பனைமரம் மாதிரி ஆள். அவர் கோட்டு அவளுக்குக் கணுக்கால் வரை இறங்கியது. முதல் நாளே சைக்கிள் செயினுக்குள் போய், பாலத்தில் அவளைக் குப்புறத் தள்ளியது. முழங்கை இன்னும் எரிகிறது. அன்றைக்கு வரும் என்று பயந்த மழையும் வரவில்லை. கோட்டுக்குள் வேர்த்து ஊற்றி, சேலை பிழிகிற பதத்துக்கு வந்துவிட்டது.

ஈரம் எதுவானால் என்ன, ஈரம் ஈரந்தான் என்று சொல்லி வெளியே நிறுத்திவிட்டார் குருவையா.

கடனும் ஆச்சு. அரைச் சம்பளமும் போச்சு.

இன்றைக்கும் அப்படி நிற்க அவளால் ஆகாது.

கோட்டுக்குப் பக்கத்தில் மகள் பொன்ராணியின் டிராக் பேண்ட் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குக் கொடுத்தது. நீலம், ஓரத்தில் வெள்ளைப் பட்டை. சாயங்காலம் துவைத்துப் போட்டால் சோறு வேகுமுன் காய்ந்துவிடும். எத்தனையோ நாள் அவளே எடுத்து மடித்திருக்கிறாள்.

இன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள்.

உள்ளே போய் மாட்டினாள். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. பிடிக்கட்டும். மேலே புருஷனின் பழைய சட்டை.

சேலை, பாவாடை, ரவிக்கையை மடித்துக் கோட்டுக்குள் வைத்தாள். சுருட்டினாள். கோட்டின் கை இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டு, கேரியரில் கட்டினாள்.

பொன்ராணி பல் தேய்த்த வாயோடு ஓடி வந்தாள்.

"எம்மா, இதப் போட்டுட்டா ரோட்டுல போவ? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊரா சைக்கிள் மிதிக்கு?"

டீக்கடையில் ஒருவன், ஓட்டப்பந்தயம் எங்க மதினி என்று கேட்டான். ஜெயித்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று மணியடித்துக்கொண்டு போனாள்.

பாலத்துக்கு முன்னால் மழை பிடித்தது.

மில்லுக்குப் போகிற மற்ற பெண்கள் புளியமரத்தடியில் இறங்கி, கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்குக் கழற்ற ஒருதரம், மழைக்கு மாட்ட ஒருதரம்.

அவள் நிற்கவில்லை.

நனையத்தானே போட்டிருக்கிறாள்.

மழை முகத்தில் அறைந்தது. எழுந்து நின்று மிதித்தாள். காலைச் சுற்ற ஒன்றும் இல்லை. செயினுக்குத் தின்னக் கொடுக்க ஒன்றும் இல்லை.

மில் வாசலில் குருவையா வழக்கம்போல் கையைத் தூக்கினார். பேண்ட்டைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றது.

அவள் கோட்டு மூட்டையோடு தகர மறைப்புக்குப் பின்னால் போனாள். தலையைத் துவட்டி, முந்தானை நுனிவரை காய்ந்த சேலையில் வந்தாள்.

இதென்ன வேசம் என்றார்.

வேசத்தைக் கழற்றியாச்சு என்று சொல்லிவிட்டுப் பலகை அடுக்கப் போனாள்.

முதல் தடியை அறுக்கும்போதே ரம்பத்தை ஓட்டுகிற பட்டை அறுந்தது.

புதுப் பட்டைக்குத் தென்காசி போகவேண்டும். போனில் முதலாளி கத்துவது தள்ளி நின்றவர்களுக்கே கேட்டது. வெளியே மழை கொட்டியது. குருவையா வெள்ளைச் சட்டையோடு பைக்கிடம் ஓடினார். பெட்டியைத் திறந்தார்.

காலி.

மழையைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

அவள் சுருட்டி வைத்திருந்த கோட்டை எடுத்து உதறினாள். கொண்டுபோய் நீட்டினாள்.

"போட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. உங்க கோட்டுதான?"

ரம்பம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. குனிந்து மரத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. செயின் கடித்த ஓரம் மட்டும் ஒரு முழம் கிழிந்து தொங்கியது.

பைக் பாலத்தைத் தாண்டியிருக்காது. வெயில் அடித்தது.

தடிகளின் மேல் நீல டிராக் பேண்ட் காய்ந்தது.

சனிக்கிழமை சம்பளத்தில் கோட்டுக்கென்று ஒன்றும் பிடிக்கவில்லை. குருவையா கோட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பாலத்துக்கு முன்னால் மழை பிடித்தது.

கேரியர்களில் கோட்டு மூட்டைகள். புளியமரத்தடியில் ஒருத்தியும் இறங்கவில்லை.