நாற்பத்தோராவது கேள்வி

செங்கம் சாலையில் இருந்த தன் கிளினிக்கில் 1987ஆம் ஆண்டு டாக்டர் நூருல்லா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். நோயாளியிடம் கேட்க வேண்டிய நாற்பது கேள்விகளை அவரே அதில் பதிந்திருந்தார். பதில்களைத் தட்டினால் என்ன நோய் என்று அது சொல்லும்.

ஒரு நாள் காலை, காய்ச்சலில் துவண்ட மகளோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து உண்ணாமலை என்ற பெண் வந்தாள். நாற்பது பதில்களும் முடிந்ததும் திரையில் டைபாய்டு என்று வந்தது. அதன் கீழே இன்னொரு கேள்வி வந்தது. டாக்டர் தயங்கியபடி படித்தார்.

"வீட்ல இருக்கிற பையன் எழுந்துட்டானானு கேக்குதும்மா."

"பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன் சார், தூங்கினு இருக்கான். எனக்குப் பையன் இருக்கிறது இதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலம்மா. தப்பாவும் இருக்கலாம். நாமளே போய்ப் பாத்துடலாம் வாங்க."

பையன் தூங்கவில்லை, உடம்பு அனலாய்க் கொதிக்க, நினைவிழந்து கிடந்தான். டாக்டர் ஊசி போட்டுக் காரில் தூக்கி வந்தார். சாயங்காலம் அவன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான்.

மறுநாள் டாக்டர் கேள்விகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். நாற்பதுதான் இருந்தன. அவர் எழுந்திருக்கும்போது திரையில் ஒரு வரி வந்தது.

பையன் எப்படி இருக்கிறான்?

டாக்டர் மறுபடி உட்கார்ந்து, நன்றாக இருக்கிறான் என்று தட்டினார்.