கடைசிப் பதினாறு பக்கம்

நூலக டீச்சருக்கு ஐந்தாம் வகுப்பு வாயாடி மேல் சந்தேகம். நூறு பக்கத் துப்பறியும் கதையை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"படிச்சியா, சும்மா புரட்டுனியா?"

"படிச்சேன் மிஸ்."

"திருடன் யாரு?"

"தெரியல மிஸ்."

"மாட்டிக்கிட்டியா! தோட்டக்காரன்டி! இந்தக் கதைக்கு நம்மகிட்ட இருக்கிறதே இந்த ஒரு பிரதிதான், நானே இதை மூணு தடவை படிச்சிருக்கேன். நூலக அட்டையைக் குடு. இனிமே உனக்குப் படக்கதைதான்."

வாயாடி அட்டையைக் கொடுக்கவில்லை. புத்தகத்தின் கடைசியைத் திறந்து காட்டினாள். அச்சகத்தில் முதல் பதினாறு பக்கங்களையே கடைசியிலும் வைத்துத் தைத்திருந்தார்கள். திருடன் பிடிபடும் முடிவு அதில் இல்லவே இல்லை.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வாயாடி அலமாரியிலிருந்து ஒரு படக்கதையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல ஆரம்பிங்க மிஸ். நாளைக்கு வந்து கேள்வி கேப்பேன்."