ட்ரங்க் கால்

குன்னூர் ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமர்களின் மாநாடு நடக்கிறது. எண்பத்து மூன்றாம் ஆண்டின் ஆகஸ்ட் மழை ஜன்னல் கண்ணாடிகளில் வழிகிறது. திரையில் விழும் வெளிச்சம் லேசாக நடுங்க, மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போகிறார். அடுத்துப் பேசவேண்டிய பியாட்ரிஸ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். படிப்புக்காக அவள் மட்டும் முன்பே இக்கரைக்கு வந்துவிட்டாள். அம்மாவும் அண்ணன் சில்வஸ்டரும் இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அங்கே கலவரம் வெடித்ததிலிருந்து ஒரு சேதியும் இல்லை. ஹோட்டல் பணியாளர் அவள் பக்கம் குனிந்து, "ஏனுங்க, உங்களுக்கு வெளியூர்லருந்து ட்ரங்க் கால் வந்திருக்குதுங்க" என்கிறார். ஓடிப்போய் எடுக்கிறாள். ரிசீவர் காதில் சில்லென்று படுகிறது. "தங்கச்சி, ஒங்க ஆபீஸ்ல இந்த நம்பரக் குடுத்தாங்க. மண்டபம் அகதி கேம்புக்கு வந்துட்டேன்" என்று இரைச்சலுக்குள் அண்ணனின் குரல். "நம்ம லயத்து வீட்டையெல்லாம் எரிச்சுப்புட்டானுக." "அம்மா?" என்கிறாள். பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துபோகிறது. கூடத்து ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்கிறது. "மண்டபம் கேம்ப் ஆபீசுக்கு ஒரு கால் புக் பண்ணுங்க" என்கிறாள் பணியாளரிடம். "லைன் கெடைக்க நேரமாகுங்க. உள்ள உங்களத்தான் கூப்புடறாங்க." "கூப்பிடட்டும்." மேசை விளிம்பைப் பற்றியபடி போனுக்கு முன்னால் நிற்கிறாள். உள்ளே அவளுடைய இடத்தில் வேறொருவர் பேசத் தொடங்குகிறார்.