ஆறு மணி வரை

என் மனதில் ஒரே நேரத்தில் நான்கு விஷயங்கள் நிற்க இடம் உண்டு. அதில் மூன்று இடங்களை மாலை ஆறு வரை ஒரு கம்பெனி தன் தகவல்களை வைத்துக்கொள்ள வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் பள்ளியிலிருந்து வரும் என் மகள் நிலானி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வாள். இரண்டாவதைச் சொன்னால் முதலாவது எனக்கு மறந்துவிடும்.

இன்று, "பசிக்குதும்மா" என்றாள். தோசை வார்த்துக் கொடுத்தேன். வாசலில் அவள் தோழி ஷெரின் விளையாடக் கூப்பிட்டாள்.

"வரல, போடி. ஓடினா கொட்டிடும்" என்றாள் நிலானி.

சுவரோரம் உட்கார்ந்து உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி முணுமுணுக்கிற?"

"உங்கிட்ட சொல்லவேண்டியதும்மா. மூணு இருக்கு. ஆறு மணி வரைக்கும் மறக்காம வச்சிருக்கேன்."

அவளுக்கும் நான்கு இடங்கள்தான். மணி நாலரைகூட ஆகவில்லை.

வாடகையை நடுவில் நிறுத்தினால் நாளை வேலை இருக்காது. ஆனாலும் காதுக்குப் பின்னால் இருந்த கம்பெனிப் பொத்தானை அமுக்கி மூன்று இடங்களையும் காலி செய்தேன்.

"இப்பவே சொல்லு, எல்லாத்தையும்."

"மூணுமா? தாங்குவியா?"

"தாங்குவேன்டி."

"பல்லு ஆடுது. என் படத்தை மிஸ் சுவத்துல ஒட்டிட்டாங்க. நாளைக்கு நாடகத்துல நான்தான் மழை!"

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "ஏய் ஷெரின், நில்லுடி!" என்று ஓடினாள்.

பல், படம், மழை. உதடுகளை அசைத்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.