டாக்டரின் நாலாவது கேள்வி

"மெதுவா இழுடி. ஒரு கண்ணுதான் தெரியல, காலு நல்லாத்தான் இருக்குது."

செவிலிமேடு டவுன் பஸ்ஸிலிருந்து இந்திராணியைக் கைப்பிடித்து இறக்கினாள் திரிஷா. இந்திராணி அவளுக்கு அப்பாவின் சொந்த அக்காள். இப்போது மாமியாரும் அவள்தான். மூன்று நாளாக அத்தையின் வலது கண்ணில் பாதி இருட்டு.

"ஞாயித்துக்கிழமை உன்ன தென்னேரில உங்கப்பன் வீட்டுல விட்டுடப் போறேன். வசந்துக்கு வேற பொண்ணு பாத்துக்கினு இருக்கேன்."

"ஆஸ்பத்திரி வாசல்ல எதுக்கு அத்தே இந்தப் பேச்சு?"

"மூணு தபா கலைஞ்சி போச்சே, இன்னும் எத்தினி நாளு காத்துக்கினு இருக்கறது? என் தம்பி மேல குத்தமில்ல. எல்லாம் உங்கம்மா வழி ரத்தம். எங்க வீட்டுல ஒருத்திக்கும் இப்படி ஆனதில்ல."

திரிஷா அத்தையைப் படியேற்றினாள். கணவன் வசந்தும் அம்மா பேச்சைத் தாண்டமாட்டான்.

டாக்டர் நஸ்னீன் கண்ணில் மருந்து விட்டு, விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சுகர் இருக்குதாமா?"

"இல்ல."

"பிரஷர்?"

"அதுவும் இல்ல."

"எப்பவாவது கால்ல ரத்தம் கட்டி வீங்கியிருக்குதா?"

"வசந்த் பொறந்தப்ப ஒரு மாசம் வீங்கிக்கினு இருந்துச்சு."

"கரு ஏதாவது கலைஞ்சிருக்குதா?"

"ஐயே, அதெல்லாம் கெடையாது!"

டாக்டர் 'இல்லை' என்று எழுதினார்.

"கண்ணுக்குள்ள ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்குது. சில குடும்பங்கள்ல ரத்தம் சட்டுன்னு உறைஞ்சிடும். கர்ப்பத்துல அடைச்சா குழந்தை தங்காது. அதான் கேட்டேன். முன்னாடியே தெரிஞ்சா, ஊசி போட்டுக் காப்பாத்தப் பார்க்கலாம்."

திரிஷா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தை பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"வாடி, நேரமாவுது."

கதவுவரை போனவள் நின்றாள். திரிஷாவின் கையை விடாமல் அவளையும் இழுத்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

"டாக்டரம்மா, அந்தக் கடைசிக் கேள்விக்கு எழுதுனத அடிச்சிடு. இவளுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடு, என் தம்பி பொண்ணு இவ" என்றாள் இந்திராணி. "வசந்துக்கு முன்னாடி எனக்கு நாலு கலைஞ்சிது."