முதல் பீரியட்

மலையிலிருந்து வருகிற பிள்ளைகளில் ரெண்டு மூணு பேர் புளுகுகிறார்கள், ஜீப்பு லேட் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் சுற்றுகிறார்கள், அவர்களுக்காக நான் பேச வரவில்லை என்றுதான் அருள்மொழி ஆரம்பித்தாள்.

நாற்காலியில் சாய்ந்து கிடந்த பிரின்சிபால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போடியில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்தால் மேலே பருங்காய் பச்சைப்பசேலென்று சிரிக்கும். சொத்தையும் வெடிப்பும் அடியில் தூங்கும். முழங்கை வரைக்கும் கையை விட்டு அடிக்காயை அள்ளிப் பார்க்காதவன் எங்கள் கடைத்தெருவில் ஒரு சீசன் தாங்கமாட்டான்.

இந்தப் பிள்ளை அடிக்காயை மேலே பரப்பிக் கடை விரிக்கிறது. இனி நாங்கள் எங்கே கையை விடுவது?

நாங்கள் என்றால் கல்லூரி நிர்வாகம். செயலாளர் ஜக்கையன் அண்ணன், சிலமலைப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். வியாபாரிகள் சார்பில் நான். எதிரே மாணவர் பேரவைத் தலைவி அருள்மொழி, ஒற்றை ஆளாக. அவளுடைய பட்டாளம் வெளியே கேட்டை மறித்து உட்கார்ந்திருந்தது.

வழக்கு இதுதான். எஸ்டேட்டுகளுக்குள் பஸ்சு வராது. விடியலில் போடியிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்பு, ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் அங்குள்ள பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். மூடுபனி இருந்தால் கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்துதான் இறங்கும். அதற்குள் இங்கே முதல் பீரியட் முடிந்துவிடும். வருகைப்பதிவு போச்சு. அது குறைந்ததால் இந்த வருசம் மலைப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பரீட்சை இல்லை என்று பிரின்சிபால் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.

ஜக்கையன் அண்ணன் என் பக்கம் குனிந்து, நீ வேண்டுமானால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வா மாப்ளே என்றார். ஏலத்தில் பாதியில் எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அருள்மொழி என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற ரெண்டு பேரையே பார்த்துப் பேசினாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதல் பீரியடை இன்னொரு தரம் நடத்த வேண்டும். விட்டுப்போன பாடங்களைப் பரீட்சைக்கு முன்னால் அப்படியே நடத்தி முடிக்கலாம். அதில் உட்காருகிறவர்களுக்குப் பரீட்சை உண்டு, உட்காராதவர்களுக்கு இல்லை என்றாள்.

பிரின்சிபால் சிரித்தார். சோத்து நேரத்தில் எந்த வாத்தியாரம்மா பாடம் எடுப்பார் என்று கேட்டார்.

எல்லாரும் எடுப்பார்கள் என்றாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதம் வாங்கிவிட்டாளாம். யாருக்கு எந்தக் கிழமை என்று பிசகாமல் ஒப்பித்தாள்.

ஏல மணி அடிக்கும் முன்பே விலையைப் பேசி முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து உட்காருகிற சாமர்த்தியசாலிகள் எங்கள் ஊரில் ரெண்டே பேர். அதில் ஒருவன் நான். பூரித்துப்போகாமல் இருக்க மீசையைத் தடவிக்கொண்டேன்.

பிரின்சிபால் ஜக்கையன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். எல்லாம் சரிதான், ஆனால் கேட்டை மறித்ததை அப்படியே விட்டால் நாளைக்கு இட்லி கல்லாக இருக்கிறது என்று ஹாஸ்டலும் மறிக்கும் என்று அண்ணன் இழுத்தார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நான் சொன்னேன். மறியலுக்கு யாராவது ஒருவர் தண்டனை ஏற்க வேண்டும், இந்தப் பரீட்சை அவருக்குக் கிடையாது.

கல்நெஞ்சம் என்று நினைப்பீர்கள். வியாபாரத்தில் ஒரு தரப்பு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு பொழுது சாய்வதற்குள் உடைந்துவிடும். நிர்வாகத்தின் மடியிலும் ஏதாவது விழவேண்டும். இது எனக்குத் தெரியும்.

அவளுக்கும் தெரிந்திருந்தது. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒரு பேரு போதும்ல? என் பேரை எழுதிக்கங்க."

அவளுக்கு அது கடைசிப் பரீட்சை. முடித்த கையோடு மதுரையில் மேல்படிப்புக்கு இடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த இடம் இனி ஒரு வருசம் தள்ளித்தான்.

ஜக்கையன் அண்ணன் என் தொடையை லேசாகத் தட்டினார், வேண்டாமப்பா என்கிற மாதிரி. பிரின்சிபால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

சரக்குக்கு விலை சரியாக வந்துவிட்டால் தலையாட்டிவிட வேண்டும். நான் தலையாட்டினேன்.

கேட்டில் எழும்பிய சத்தத்தில் தெருவில் போன ஜீப்புகள் நின்றுவிட்டன. எஸ்டேட் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நடுவில் அருள்மொழியும் குதித்துக்கொண்டிருந்தாள். விலை என்னவென்று அவர்களிடம் அவள் சொல்லவில்லை.

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கடைத்தெருவில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். எதிரே வந்த வியாபாரிகள் எல்லாம் பார்க்கட்டும் என்று.

வீட்டுச் சந்து திரும்பும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மாட்ட நீங்களே சொல்லிருங்கப்பா. நீங்கதான கேட்டு வாங்குனீங்க."