குழாய்ச் சத்தம்

"காலையில வர்றேன்னு சொல்லிட்டு, சாயங்காலம் வந்து நிக்கறீங்களே, இது நியாயமா?"

கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் வீட்டுக்காரர்.

"சாரி சார். முந்தின வீட்டுல மெஷின் படுத்திருச்சு" என்றார் மெக்கானிக். ஒரு தோளில் ஏணி, மறு தோளில் கருவிப் பை. அந்த வட்டாரத்தில் ஏசியானாலும் ஹீட்டரானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம். நேரம்தான் சுத்தம் கிடையாது.

"இன்னிக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில வாங்களேன்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏணியை இறக்கிட்டேன் மேடம். பார்த்துட்டுப் போயிடறேன். என்ன, குளிர் வரலையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் வருது. சத்தம்தான் தாங்கல."

"என்ன மாதிரி சத்தம்?"

"எலி" என்றார் கணவர்.

"காத்து" என்றாள் மனைவி, அதே நேரத்தில்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுவா இருந்தா என்ன? அந்த வழியை இறுக்கி அடைச்சிடுங்க" என்றாள் அவள். "பொண்ணு அந்த ரூம்ல படுக்கவே மாட்டேங்கறா. சுவத்துக்குள்ள யாரோ இருக்காங்கன்னு அழறா. எங்களுக்கும் தூக்கம் போச்சு."

"பேயா இருந்தா என்னால ஆகாது மேடம். எனக்கு மெஷின் மட்டும்தான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை.

பெண்ணின் அறையில் கட்டில் காலியாகக் கிடந்தது. மேலே, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில், ஏசிக் காற்று வரும் துளையில் ஒரு போர்வையைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"இப்படி அடைச்சா மெஷினுக்கு மூச்சு முட்டுமே சார்! முதல்ல அதை நிறுத்துங்க."

"நிறுத்தணுமா?" என்றாள் அவள் அவசரமாக. "ஓடிக்கிட்டு இருக்கும்போதே அடைக்க முடியாதா?"

"எங்கேருந்து வருதுன்னு கேக்காம எதை மேடம் அடைக்கறது?"

மனம் இல்லாமல் போய் நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது.

மெக்கானிக் ஏணியில் ஏறி, போர்வையை உருவினார். கம்பி மூடியைக் கழற்றி, டார்ச்சை அடித்துத் தலையை உள்ளே நீட்டினார்.

உள்ளே தகரக் குழாயில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

எலி என்றால் ஓடும். இது தட்டியது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தட்டியது. அதன் பின்னால், அடக்கி அடக்கி ஒரு விசும்பல்.

மெக்கானிக் டார்ச்சை இன்னும் உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"சார்... ஏணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. இது ஒரே வீடா இருந்து ரெண்டாப் பிரிச்சதா?"

"ஆமா. கட்டினவர் பிரிச்சு வித்தார். அதுக்கென்ன?"

"நடுவுல சுவர் எழுப்பியிருக்காங்க. சீலிங்குக்கு மேல போற ஏசிக் குழாயை வெட்டாம அப்படியே விட்டுட்டாங்க. நேரா பக்கத்து வீட்டுக்குப் போகுது. அங்க யாரு இருக்காங்க?"

"அவர் தங்கமான மனுஷன். பெரிய வேலையில இருக்கார். எங்க பார்த்தாலும் நின்னு பேசிட்டுத்தான் போவார். மனைவி ஊருக்குப் போய் ஒரு மாசமாச்சுன்னார். இப்ப வீட்டுல யாரும் இல்ல."

"யாரும் இல்லாத வீட்டுல ஒரு பொம்பளை அழறாங்களே சார்!"

வாசலில் ஒரு கார் நிற்கும் சத்தம். மனைவி ஜன்னலுக்கு ஓடி, திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"அவர் இல்ல" என்றாள் மூச்சு விட்டு. "இது வேற கார்."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க. இங்க பேசறது அங்க கேக்கும். குழாயை வெட்டித் தகரம் வெச்சு அடைங்க, அது போதும். நாங்க பெண் குழந்தையை வெச்சுக்கிட்டு இருக்கோம். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கு எதுக்கு?"

"இதுக்கு முன்னாடி இந்தக் குரலைக் கேட்டதே இல்லையா சார்?"

"சத்தியமா இல்ல!" என்றாள் மனைவி. "மெஷின் சத்தம்னுதான் இத்தனை நாளா நினைச்சோம். தெரிஞ்சா சும்மா இருப்போமா? நாங்களும் மனுஷங்கதானே?"

மெக்கானிக்குக்கும் பயம்தான். அவரும் இதே தெருக்களில்தான் நாளைக்கும் ஏணி தூக்கியாக வேண்டும். பையில் கை விட்டுத் தகரம் வெட்டும் கத்திரியை எடுத்தார். அதை அப்படியே சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டு, குழாய்க்குள் வாயை வைத்தார்.

"யாரும்மா அது? நான் பேசறது கேக்குதா?"

தட்டல் நின்றது. விசும்பலும் நின்றது. கீழே ஏணியைப் பிடித்திருந்த கைகள் நழுவின.

"கேக்குது!" மெல்லிய குரல், தகரத்தில் உரசிக்கொண்டு வந்தது. "கேக்குது அண்ணே! ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாரு. போலீஸுக்குச் சொல்லுங்க அண்ணே, அவர் வர்றதுக்குள்ள சொல்லுங்க!"

"இதோ சொல்றேம்மா. பயப்படாதே. குழாய்ப் பக்கத்துலயே இரு."

ஏணியில் நின்றபடியே செல்போனை எடுத்து எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

குழாயிலிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் அறை முழுக்கக் கேட்டது.

"நீங்க புதுசா குடி வந்திருக்கீங்களா அண்ணே? முன்னாடி இருந்த அக்கா, நான் கூப்பிட்டாலே மெஷினைப் போட்டுடுவாங்க."